22 சென்ட் நிலத்தில் எவ்வளவு விளையும்?

தென் சூடானில் 2016 ஜூலையில் சண்டை மறுபடி மூண்டபோது, ஈக்குவடோரியா பகுதி மக்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே நடந்து உகாண்டாவுக்குள் வந்தார்கள். ஆகஸ்டில் யும்பே மாவட்டத்தில் பிடிபிடி என்ற அகதிக் குடியேற்றம் திறக்கப்பட்டது. டிசம்பருக்குள் அங்கே இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். புதர்க்காட்டை வெட்டித் திருத்தி, குடும்பத்துக்கு ஒரு மனை என்று அளந்து கொடுத்தார்கள். 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ 22 சென்ட். குடிசை, கழிப்பிடம், அடுப்படி எல்லாம் அதற்குள்ளேயே. மிஞ்சிய இடத்தில் பயிர் வைத்துக்கொள்ளலாம்.

அகதியைக் கம்பிவேலிக்குள் உட்காரவைத்துச் சோறு போடும் முறையிலிருந்து இது வெகுதூரம் விலகியது. உகாண்டாவின் 2006ஆம் ஆண்டு அகதிகள் சட்டம் வேலை பார்க்கவும் நாட்டுக்குள் போய்வரவும் உரிமை தருகிறது. கூடவே மண்ணும் தருகிறார்கள். இன்று 18 லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் அந்நாட்டில் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் வேறெந்த நாடும் இத்தனை பேரை ஏற்கவில்லை. அடைக்கலம் கொடுத்தவர்களும் ஒரு காலத்தில் அடைக்கலம் தேடி ஓடியவர்கள்தான். 1979இல் இடி அமீன் வீழ்ந்தபின் பிடிபிடி இருக்கும் மேற்கு நைல் பகுதியினர் சூடானுக்குள் போய் ஒண்டினார்கள். பக்கத்து அச்சோலி மக்களை உள்நாட்டுப் போர் சொந்த மாவட்டத்திலேயே பல ஆண்டுகள் முகாம்களில் அடைத்து வைத்தது. பசியோடு வருகிறவனுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். உகாண்டாவின் கொள்கையைப் பற்றி எத்தனை குறை சொன்னாலும் இந்தப் பெருந்தன்மையை முதலில் சொல்லிவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

இந்த மனைகளில் பத்தாண்டுகளாக இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, வீட்டுத் தோட்டம். மற்றொன்று, மனம் உடைந்தவர்களை, பெரும்பாலும் பெண்களை, வட்டமாக உட்காரவைத்து நடத்தும் மனநல ஆதரவுக் கூட்டங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் வயிறும் நிறையும், மனமும் தேறும், அகதி தன் காலில் நிற்பாள் என்பது உதவி நிறுவனங்கள் விரும்பிச் சொல்லும் வாதம். வாதத்தின் பாதி உண்மை. அந்தப் பாதியைக் காப்பாற்றத்தான் மறுபாதியை மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் தானியக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஆறு பேர் உள்ள குடும்பம். ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் மக்காச்சோளம் என்று வைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 876 கிலோ வேண்டும். மழையை மட்டும் நம்பி, உரமில்லாமல் செய்யும் ஆப்பிரிக்கச் சிறுவிவசாயத்தில் ஹெக்டேருக்கு இரண்டு டன் என்பதே நல்ல மகசூல். 30க்கு 30 மனை முழுவதையும், குடிசை நிற்கும் இடத்தையும் சேர்த்து உழுதாலும் ஒரு போகத்தில் 180 கிலோவுக்கு மேல் வராது. வீட்டையும் கழிப்பிடத்தையும் பாதையையும் கழித்துவிட்டால் 120, 130 கிலோ நின்றால் பெரிது. இரண்டு மாதத் தீனிக்குக்கூடக் காணாது. அதுவும் பாறை மேலெழுந்து கிடக்கும் பிடிபிடியின் பல மனைகளில் இந்தக் கணக்கு கனவு. ஆகவே, வீட்டுத் தோட்டம் அகதியின் சோற்றுக்கு வழி செய்யும் என்று யாராவது சொன்னால், எந்தத் தோட்டம், எத்தனை கிலோ என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

தானியத்தை விட்டுவிட்டு கீரைக்கு வந்தால் காட்சி மாறிவிடுகிறது. ரேஷன் பொருளாக வரும் வீட்டில் கிடைப்பது மக்காச்சோளம், பயறு, எண்ணெய், உப்பு. உயிரைப் பிடித்து வைக்கும். ஆனால் பச்சை என்பதே கிடையாது. சோளம் முழு மணியாக வருகிறது, அரைக்கக் காசு வேண்டும். தக்காளி, கீரை, சோப்பு வாங்கவும் காசு வேண்டும். காசுக்கு என்ன வழி? கிடைத்த ரேஷனிலேயே ஒரு பங்கை விற்கிறார்கள். ஐந்து கிலோவை விற்று ஒரு கிலோ தக்காளிக்கும் அரைவைக்கும் கொடுக்கும் குடும்பத்துக்கு, வாசலில் ஒரு பாத்தி கீரை இருந்தால் அந்த ஐந்து கிலோவில் இரண்டு கிலோ பானையிலேயே தங்கும். தோட்டத்தின் பெரிய லாபம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. விளைந்த கீரையை எடைபோடும் அறிக்கைகள், விற்காமல் மிஞ்சிய சோளத்தை எடைபோடுவதில்லை.

அந்தப் பாத்திகளில் என்ன வளர்கிறது என்று தெரிந்தால் நமக்கு ஊர் நினைவு வரும். உகாண்டாவில் 'டோடோ' என்பது நம் தண்டுக்கீரை இனம். அச்சோலிகள் 'அக்கேயோ' என்று பறித்துச் சமைப்பது நம் வேலியோரத்து நல்வேளை. 'போ' என்பது தட்டைப்பயற்றின் இளந்தழை. 'மலக்வாங்' நம் புளிச்சகீரைக்கு உடன்பிறப்பு. அதை வேகவைத்துப் புளிப்பை வடித்து, நிலக்கடலையும் எள்ளும் அரைத்த விழுதைக் கலந்து கொதிக்கவிடுவார்கள். லாம்வோ மாவட்டத்தில் 2017 ஏப்ரலில் திறந்த பலாபெக் குடியேற்றத்துக்கு எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்களில் பலர் அச்சோலி பேசுபவர்கள். உள்ளூர்க்காரர்களும் அச்சோலிகளே. நாடு வேறானாலும் குழம்பு மாறவில்லை. பிள்ளை பிறந்த வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் எடுத்துப்போகும் பாத்திரத்தில் தன் வாசலில் பறித்த கீரை இருப்பது என்பது கையேந்தி வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முடிகிற நிலை. எந்த உணவு அட்டவணையிலும் இதற்குக் கட்டம் இல்லை.

பலாபெக்கில் 'ஆப்பிரிக்கன் விமன் ரைசிங்' என்ற அமைப்பு கற்றுத்தந்த 'பெர்மா கார்டன்' முறை, நான் படித்தறிந்த அகதித் தோட்ட முறைகளில் யோசித்துச் செய்யப்பட்ட ஒன்று. விதையும் உரமும் மூட்டையாகக் கொண்டு இறக்கும் வேலை அதில் குறைவு. மனைக்குள் மழைநீர் எங்கிருந்து ஓடி வருகிறது என்று முதலில் பார்க்கிறார்கள். ஓடும் தண்ணீர் நின்று இறங்கும்படி குழியும் வரப்பும் வெட்டுகிறார்கள். மண்ணை இரண்டு மண்வெட்டி ஆழத்துக்குக் கொத்தி, அடுப்புச் சாம்பல், கரித்தூள், சாணம், மக்கிய தழை எல்லாம் கலந்து பாத்தி கட்டுகிறார்கள். பாத்தி வீட்டை ஒட்டியே இருக்கும். கைக்குழந்தைக்காரியும் நடக்க முடியாத கிழவியும் வாசலை விட்டு நகராமல் கவனிக்கலாம். காசு கொடுத்து வாங்கிய பொருளை நம்பிய தோட்டம் திட்டப்பணம் நிற்கும் மாதத்தோடு பெரும்பாலும் காய்ந்துவிடும். மண்ணைக் கையாளும் அறிவு அப்படிக் காயாது. திரும்ப ஊருக்குப் போனாலும் கூடவே போகும்.

தோட்டம் தோற்கும் இடங்களும் உண்டு. முதலாவது தண்ணீர். ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் என்பது அகதிக் குடியேற்றங்களுக்கு வகுத்த அளவு. ஆறு பேருக்கு 120 லிட்டர், அதாவது மஞ்சள் ஜெரிகேனில் ஆறு. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அதுவே. பத்து சதுர மீட்டர் கீரைப்பாத்திக்குக் கோடையில் தினமும் 50 லிட்டர் ஊற்றாமல் கீரை நிற்காது. இன்னும் இரண்டரை ஜெரிகேன். குழாயடியில் வரிசையில் நின்று, தலையில் தூக்கி வர வேண்டியவள் யார் என்று சொல்லத் தேவையில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரையும் குளித்த தண்ணீரையும் திருப்பிவிட்டாலும் டிசம்பர் முதல் மார்ச் வரை பாதித் தோட்டம் வெறுங்கட்டாந்தரைதான். பசி கூடுவதும் அந்த மாதங்களின் கடைசியை ஒட்டித்தான். உணவு அதிகம் தேவைப்படும்போது தோட்டம் குறைவாகத் தருகிறது. இந்த முரணைத் திட்டப் படிவங்கள் எழுதிக்கொள்வதில்லை. அவற்றில் மழைக்காலத்துப் படங்களே இருக்கின்றன.

அடுத்தது ஆடு. சிரிக்க வேண்டியதில்லை, குடியேற்றங்களில் உள்ளூர்க்காரருக்கும் அகதிக்கும் மூளும் சச்சரவுகளில் விறகுக்கும் தண்ணீருக்கும் பக்கத்தில் மேய்ச்சலும் நிற்கிறது. மேய்ச்சல் நிலமாக இருந்த இடத்தில்தான் மனைகளை அளந்து கொடுத்தார்கள். ஆட்டுக்கு அந்த அளவு தெரியாது. முள்வேலி போட மரம் வெட்டினால் காட்டை அழிப்பதாக ஒரு வழக்கு, போடாவிட்டால் ஒரே இரவில் மூன்று மாத உழைப்பு போய்விடும். நிலமும் அரசுடையது என்று சொல்ல முடியாது. மேற்கு நைலிலும் அச்சோலியிலும் நிலம் பெரும்பாலும் குலங்களின் வழக்குரிமை. பெரியவர்கள் கூடிப் பேசிக் கடனாகக் கொடுத்தது. மனைக்கு வெளியே குத்தகை பேசி, புதரை வெட்டித் திருத்தி, ஒரு போகம் எடுத்தபின் நிலத்தைத் திரும்பக் கேட்டால் எந்த ஆபீசில் போய் முறையிடுவது?

விதையும் ஒரு சிக்கல். முட்டைக்கோஸ், வெங்காயம், தக்காளி என்று கவர்ச்சியான பாக்கெட்டுகள் வருகின்றன. நோய் தாங்காதவை, தண்ணீர் அதிகம் குடிப்பவை, மறு விதைப்புக்கு விதை எடுக்க ஏலாத வீரிய ரகங்கள் பல. நல்வேளையும் புளிச்சகீரையும் ஒருமுறை முளைத்தால் போதும், தாமாகவே விதை உதிர்த்து மறு மழையில் எழும். அவற்றின் விதையை அகதிப் பெண்களே முந்தானையில் முடிந்து வைத்திருப்பார்கள். அவர்களிடம் கேட்டுத் தொடங்கிய தோட்டங்களையும், குடோனிலிருந்து இறக்கித் தொடங்கிய தோட்டங்களையும் ஒரே பெயரில் எண்ணுவது தவறு.

இனி மனத்துக்கு வருவோம். அச்சோலி மொழியில் 'ட்வோ டாம்' என்று ஒரு சொல் உண்டு. எண்ணங்களின் நோய் என்று பொருள் கொள்ளலாம். 'பார்', 'குமு' என்று வேறு சொற்களும் உண்டு. எதிலும் மனம் ஒட்டாமல், தூக்கம் இல்லாமல், கன்னத்தில் கைவைத்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் நிலைகளை அந்த மக்கள் தமக்குள் இப்படிப் பிரித்து அறிந்திருக்கிறார்கள். ஆகவே மனநோய் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

நைல் கரைப்பக்கம் ரைனோ முகாம் என்ற பழைய குடியேற்றத்தில் உலக சுகாதார நிறுவனம் 'செல்ஃப் ஹெல்ப் பிளஸ்' என்ற முறையைச் சோதித்துப் பார்த்தது. 14 கிராமங்கள், 694 தென் சூடான் பெண்கள். பாதிக் கிராமங்களில் இந்தக் கூட்டங்கள் நடந்தன, மறுபாதியில் வழக்கமான உதவியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள். ஐந்து அமர்வுகள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். இருபது முப்பது பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து ஜூபா அரபி மொழியில் பதிவு செய்த ஒலியைக் கேட்பார்கள். எழுத்து அதிகம் இல்லாத படப்புத்தகம் ஒன்றும் உண்டு. நடத்துவோர் மருத்துவர்கள் அல்லர், சிறு பயிற்சி பெற்ற சாதாரணப் பெண்கள். இருக்கும் நிபுணர்களை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கானவர்களை எட்டவே முடியாது என்ற நிலையில் இது அறிவுள்ள ஏற்பாடு. முடிவுகள் 2020 பிப்ரவரியில் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்தன. கூட்டம் முடிந்த கையோடு பெண்களின் மனத்துயரம் நன்றாகக் குறைந்திருந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் குறைவு தெரிந்தது, ஆனால் முன்பைவிடச் சிறிதாகிவிட்டிருந்தது.

இந்தத் தேய்வைத்தான் கவனிக்க வேண்டும். அந்தக் கூட்டங்கள் ஐந்து பயிற்சிகளைத் தருகின்றன. மனம் சுழலும்போது காலடி மண்ணில் நிலைகொள்வது, கொக்கி போட்டு இழுக்கும் நினைவிலிருந்து விடுபடுவது, தனக்கு முக்கியம் என்று நினைப்பதற்காக ஒரு சின்னக் காரியமாவது செய்வது, தன்னிடமும் பிறரிடமும் இரக்கம் காட்டுவது, வலிக்கும் நினைவுக்கும் மனத்தில் இடம் விட்டுவைப்பது. நல்லவைதான். ஆனால் நாளை அடுப்பில் என்ன வைப்பது என்ற கவலை, கொக்கி கழற்றி விலக்க வேண்டிய வீண் நினைவா? அது மெய்யான செய்தி. இதைக் கவலைப்படாமல் இருக்கப் பழகு என்று ஒரு தாயிடம் சொல்வது மருந்தாகாது. அந்த முறையை வகுத்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை; துயரத்தின் காரணங்களைக் கூட்டம் தீர்க்காது என்பது அவர்களுக்குத் தெரியும். கீழே வரவர, செலவு குறைவு என்ற ஒரே காரணத்துக்காக இதைக் கையில் எடுக்கும் திட்டங்களில் அந்தத் தெளிவு நழுவிவிடுகிறது.

தோட்டமும் கூட்டமும் மெய்யாகவே ஒன்றுக்கொன்று துணையாகும் இடம் அந்த மூன்றாவது பயிற்சி. முக்கியம் என்று நினைப்பதற்காகச் சின்னதாக ஒன்று செய் என்று கேட்டால், பிள்ளைகளை வளர்ப்பதே முக்கியம் என்று சொல்லும் பெண்ணுக்குச் செய்ய என்ன இருக்கிறது அந்தப் புழுதியில்? ஒரு பாத்தி இருந்தால் இருக்கிறது. முளைக்கீரை மூன்று நான்கு வாரத்தில் பறிப்புக்கு வரும். ஐந்து வாரத்தில் முடிந்துவிடும் கூட்டத்துக்குப் பிறகும் களையெடுக்க, விதை மாற்றிக்கொள்ள, ஆட்டை விரட்ட அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் தேடி வர ஒரு காரணம் மிஞ்சும். கூட்டத்தின் பலன் தேய்வதைத் தோட்டம் கொஞ்சம் தடுக்கலாம் என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம்.

மண்ணைத் தொட்டால் மனம் ஆறும் என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அதை மட்டும் நான் ஏற்கத் தயங்குகிறேன். அதற்குக் காரணமான ஒரு சோதனை அதே வட உகாண்டாவில் நடந்தது. உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தோர் முகாம்களில் 14 முதல் 17 வயதுக்குட்பட்ட 314 அச்சோலிப் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குக் குழுவாக அமர்ந்து உறவுகளையும் இழப்புகளையும் பேசும் சிகிச்சை. ஒரு பகுதிக்கு ஆட்டம், பாட்டு, படம் வரைதல் போன்ற படைப்பு விளையாட்டு. மூன்றாம் பகுதிக்குக் காத்திருப்பு. 2007இல் வெளிவந்த முடிவு தெளிவாக இருந்தது. பேச்சுக் குழுவில் இருந்த பெண்பிள்ளைகளுக்கு மனச்சோர்வு குறைந்தது. ஆண்பிள்ளைகளுக்கு அவ்வளவாகப் பலன் இல்லை. விளையாட்டால் மனச்சோர்வு குறையவில்லை. கையையும் காலையும் அசைக்கும் எந்த வேலையும் தானாக மருந்தாகிவிடாது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம். அமெரிக்காவில் குடியேறிய நேபாளி பேசும் பூட்டான் அகதிகளைப் பற்றி 2017இல் வெளியான ஒரு சிறிய ஆய்வும் ஏறக்குறைய இதையே காட்டியது. கூட்டுத் தோட்டத்தில் ஈடுபட்டவர்களுக்கு மற்றவர்களின் ஆதரவு கூடுதலாக இருந்தது. துயர அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தோட்டம் ஆட்களைச் சேர்த்து வைக்கிறது. உள்ளே கிடக்கும் முள்ளை எடுக்க, சேர்ந்தவர்கள் பேச வேண்டும், ஒருவர் கேட்க வேண்டும்.

ஆண்பிள்ளைகளுக்கு அவ்வளவாகப் பலன் இல்லை என்ற செய்தியை அப்படியே விட்டுவிட முடியவில்லை. ரைனோ முகாம் சோதனையில் ஆண்களைச் சேர்க்கவே இல்லை. மாடு மேய்த்து, நிலம் உழுது, அதனாலேயே மதிப்புப் பெற்ற ஆண் இங்கே வந்து 22 சென்ட்டில் கீரைப்பாத்தியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கீரை பெண்ணின் வேலை என்று அவன் வளர்ந்த சமூகம் சொல்லியிருக்கிறது. அவன் குடியில் இறங்கினால் அடி விழுவது அவளுக்கு. பெண்ணை மட்டும் கூப்பிட்டு, தோட்டத்தையும் அவள் தலையில் வைத்து, மனத்தையும் அவளே சரிசெய்துகொள்ளட்டும் என்று விடும் திட்டம் அந்த வீட்டின் பாதியைத்தான் பார்க்கிறது.

இன்னும் ஒரு சாரார் முற்றிலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. 15 நாடுகளின் 90 அகதி முகாம்களில் 2009 முதல் 2013 வரை மனநல, நரம்புப் பிரச்சினைகளுக்காக மருத்துவ நிலையம் வந்தவர்களின் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பங்கு வலிப்பும் கடுமையான மனப்பிறழ்வும்தான். வலிப்புக்குப் பாத்தி உதவாது. பீனோபார்பிட்டால் மாத்திரை உதவும். காதில் குரல் கேட்கிறவனுக்கு மூச்சுப்பயிற்சி போதாது, ஊசியும் தொடர்ந்து வரும் செவிலியும் வேண்டும். அந்த மாத்திரை மாதா மாதம் தடையில்லாமல் வர வைப்பது, நூறு பெண்களை வட்டமாக உட்காரவைத்துப் படம் எடுப்பதைவிடக் கடினம். படத்துக்கும் அது ஆகாது. சேர்ந்து பேசும் திட்டங்கள் பெருகும்போது அந்த மாத்திரைக்கான பணம் குறையவில்லையா என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டும்.

இப்போது என் முக்கியமான மறுப்புக்கு வருகிறேன். ரைனோ முகாமின் முடிவுகள் அச்சில் வந்த இரண்டே மாதத்தில், 2020 ஏப்ரலில், பணமில்லை என்று உலக உணவுத் திட்டம் உகாண்டா அகதிகளின் ரேஷனில் 30 சதவீதத்தை வெட்டியது. 2021 பிப்ரவரியில் வெட்டு 40 சதவீதம் ஆனது. 2023இல் குடும்பங்களை வகைபிரித்து, சிலருக்கு முற்றிலும் நிறுத்தினார்கள். 2025 மே மாதத்தில் ஒரேயடியாகப் பத்து லட்சம் பேருக்கு நின்றது. உதவி அமைப்புகளின் பேச்சில் 'சுயசார்பு' என்ற சொல்லும், வீட்டுத் தோட்டமும், மனவுறுதியும் இந்தச் சூழலில்தான் முன்னுக்கு வருகின்றன.

40 சதவீத வெட்டு என்றால் என்ன? ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி என்பது ரேஷனின் முழு அளவு. அதில் 840 போய்விட்டது. வெந்த கீரை நூறு கிராமில் கிடைப்பது 25 கலோரிக்குள். போன 840ஐ கீரையால் ஈடுகட்ட ஒவ்வொருவரும் தினம் மூன்று கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். ஆறு பேருக்கு இருபது கிலோ. எந்த வாசலிலும் அது விளையாது. எந்த வயிறும் அதைத் தாங்காது. தோட்டம் ரேஷனோடு சேர்ந்தால்தான் சத்து. ரேஷனுக்குப் பதிலாக வந்தால் பட்டினியின் மேல் தெளித்த பச்சை. கீரையிலுள்ள இரும்பையும் உடல் முழுதாக எடுத்துக்கொள்வதில்லை.

ரேஷனுக்குப் பதிலாகத் தோட்டம் என்ற எண்ணம் புதிதும் இல்லை. 1999இலேயே உகாண்டா அரசும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் மேற்கு நைலில் 'சுயசார்பு உத்தி' என்று ஒன்றைத் தொடங்கின. நிலம் கொடுத்தாயிற்று, விளைவித்துச் சாப்பிடட்டும், ரேஷனைப் படிப்படியாகக் குறைக்கலாம் என்பது அதன் உள்ளோட்டம். ஒரே மண்ணில் ஓய்வில்லாமல் பயிர் வைத்து மண் சலித்துப்போனதையும், சந்தை தூரமாக இருந்ததையும், ரேஷன் குறைந்தபோது குடும்பங்கள் ஒருவேளை உணவுக்கு இறங்கியதையும் ஆய்வாளர்கள் அப்போதே எழுதி வைத்தார்கள். அன்று கொடுத்த மனைகளைவிட 2016இல் கொடுத்தவை சிறியவை. நிலம் சுருங்க, சுயசார்பு என்ற சொல் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. 2017 ஜூனில் கம்பாலாவில் உலக நாடுகளைக் கூட்டி உகாண்டா 200 கோடி டாலர் கேட்டது. வாக்குறுதியாகக் கிடைத்தது அதற்கு வெகு கீழே. உகாண்டாவைப் புகழ்ந்த நாடுகள் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளவில்லை. பாரம் இறங்கி இறங்கி, கடைசியில் வாசலில் பாத்தி கொத்தும் பெண்ணின் தோளில் வந்து நின்றது.

தோட்டம் கருகினால், பயிற்சி கொடுத்தும் அவள் கவனிக்கவில்லை என்று எழுதிவிடலாம். துயரம் குறையாவிட்டால், கூட்டத்துக்கு ஒழுங்காக வரவில்லை என்று எழுதிவிடலாம். பட்டினிக்கும் சோர்வுக்கும் அவளையே பொறுப்பாக்கும் சாத்தியம் இந்த இரண்டு நல்ல வேலைகளின் வடிவத்திலேயே இருக்கிறது. எனக்குக் கோபம் வருவது அங்கேதான். கீரை விதைத்த கையின் மீதும், கூட்டம் நடத்திய பெண்ணின் மீதும் எனக்குக் குறை இல்லை. அவர்கள் செய்ததைக் காட்டி அரிசியும் சோளமும் அனுப்ப மறுப்பவர்கள்மீதுதான்.

இந்த வேலைகளை எதைக் கொண்டு அளப்பது என்றும் யோசித்துப் பார்த்தேன். எத்தனை தோட்டம் போட்டோம், எத்தனை பேர் ஐந்து அமர்வும் வந்தார்கள் என்ற எண்களுக்கு மேல் சிலவற்றைக் கேட்கலாம். கடந்த மாதம் ரேஷனில் எவ்வளவு விற்றீர்கள்? பிப்ரவரியில் பாத்தியில் என்ன நின்றது? விதை யாருடையது? காய்ச்சலில் படுத்தபோது பாத்திக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்? கடைசிக் கேள்விக்கு ஒரு பெயர் வந்தால், அங்கே தோட்டமும் பேச்சும் தம் வேலையைச் செய்திருக்கின்றன என்று கொள்வேன். பெயர் வராவிட்டால் ஆயிரம் பாத்தி இருந்தும் அவள் தனியாகத்தான் இருக்கிறாள்.

மரம் வைத்திருக்கிறாளா என்றும் கேட்கலாம். கீரைக்கு நான்கு வாரம் போதும். பப்பாளி ஓராண்டுக்குள் காய்க்கும். அதை நடுகிறவள் அடுத்த மழைக்கும் இங்கேதான் இருப்போம் என்று ஏற்றுக்கொண்டவள். மாமரத்துக்குப் பல ஆண்டு வேண்டும். வழக்குரிமை நிலத்தில் மரம் நடுவது உரிமை கொண்டாடுவது போல ஆகும் என்பதால், நிலம் கொடுத்த குலத்தாரும் பல நேரம் அதை விரும்புவதில்லை. அவளுக்கும் விருப்பம் இருக்குமா தெரியாது. ஈக்குவடோரியாவில் விட்டுவந்த வீட்டு முற்றத்தில் ஒரு மாமரம் நிற்கலாம். இந்த மண்ணில் இன்னொன்றை நட்டால், அந்த மரத்தை மறந்துவிட்டதாக ஆகிவிடுமோ என்று அவள் நினைக்கலாம். அவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்கிறவருக்கு அன்று வேறு வேலை இருக்கக் கூடாது.